நல்ல கால் ஏன் ஓய்கிறது? போலியோ, களைப்பு, ஒரு நூறு வருஷக் குழப்பம்

(எபிசோட் 37-இன் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை எடுத்துவிட்டு, சில வாக்கியங்களை மட்டும் சரிசெய்திருக்கிறோம்.)

போன மாசம் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். ஐம்பத்தைந்து வயது, தையல்காரர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. இடது காலை மட்டும் வைத்து முப்பது வருஷம் மிஷின் மிதித்திருக்கிறார். இப்போது மோட்டார் மாட்டிவிட்டார். காரணம், மூணு வருஷமாக அந்த இடது காலும் ஓய்ந்துபோகிறது. மத்தியானத்துக்கு மேல் கடையை விட்டு எழுந்து வரவே முடியவில்லை என்கிறார். வீட்டில் "உட்கார்ந்தே கிடந்தா அப்படித்தான் இருக்கும், தினமும் நடங்க" என்று சொல்கிறார்கள். நடந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "தம்பி, நான் நடக்கணுமா, நடக்கக் கூடாதா?"

நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுகிற ஆள். இது வரலாற்று பாட்காஸ்ட். ஆனா இந்தக் கேள்விக்குள்ள ஒரு பெரிய வரலாறு இருக்கு. நரம்பு பாதிக்கப்பட்ட ஒருத்தர் உடற்பயிற்சி செய்யலாமா, ஓய்வு எடுக்கணுமா என்று நூறு வருஷத்துக்கு மேலாக மருத்துவ உலகம் மாறி மாறிப் பேசியிருக்கு. அந்தப் பேச்சு எங்கெல்லாம் போய் கடைசியில் அரியலூர், பெரம்பலூர் மாவட்ட முகாம் மேசை வரைக்கும் வந்து சேர்ந்தது என்பதுதான் இன்றைய எபிசோட்.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-இல். அதுவரை பெரம்பலூர், அரியலூர் இரண்டுமே திருச்சி மாவட்டம். அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் திரும்ப இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. அரியலூருக்காவது விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் இருக்கு. பெரம்பலூருக்கு இன்றைக்கும் ரயில் இல்லை. வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ 1970-களில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து கால் விழுந்துவிட்டால், பெரிய ஆஸ்பத்திரி என்பது பஸ் மாறி திருச்சி போவது. மறுவாழ்வு சிகிச்சை என்று தேடினால் அதையும் தாண்டி வேலூர்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் வருஷத்துக்கு சுமார் 2 லட்சம் குழந்தைகளை போலியோ முடக்கியது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சொட்டு மருந்து இருந்தது, ஆனால் மேலை நாட்டில் மூன்று தவணையில் கிடைத்த பாதுகாப்பு இங்கே அதே மூன்று தவணையில் கிடைக்கவில்லை. இதை ஆய்வு செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் வேலூர் சி.எம்.சி.யின் டி. ஜேக்கப் ஜான். தவணைகளைக் கூட்ட வேண்டும், ஒரே நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். அந்த முறையில் 1980-களில் வேலூர் நகரம் போலியோ இல்லாத ஊரானது. நாடு முழுக்க பல்ஸ் போலியோ வந்தது 1995 டிசம்பரில். பெரம்பலூர் மாவட்டம் பிறந்த அதே வருஷம்! அதாவது, அந்த மாவட்டத்தை விட வயதில் மூத்த எல்லாருமே பல்ஸ் போலியோவுக்கு முன்னால் பிறந்தவர்கள்.

இடையில் ஒன்று. நம்ம ஊரில் போலியோ வந்தவர்களின் அம்மாக்கள் "காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க, ஊசி போட்ட கால் அப்படியே விழுந்துடுச்சு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. படிச்சவங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. அது மூடநம்பிக்கை இல்லை. போலியோ வைரஸ் உடம்பில் இருக்கும் சமயத்தில் தசையில் ஊசி போட்டால் வாதம் வரும் வாய்ப்பு கூடும், அதுவும் ஊசி போட்ட அதே கை காலில் கூடும் என்பது 1950 வாக்கிலேயே பிரிட்டனில் காட்டப்பட்டுவிட்டது. அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

உடல் உழைப்பும் அப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ரிச்சி ரஸ்ஸல் 1949-இல் ஒரு கட்டுரை எழுதினார். போலியோ காய்ச்சலின் முதல் நாட்களில், வாதம் இன்னும் தெரியாத நேரத்தில், கடுமையாக உழைத்தவர்களுக்கும் ஓடியாடியவர்களுக்கும் வாதம் மோசமாக வந்தது, படுத்துக் கிடந்தவர்களுக்குக் குறைவாக வந்தது என்று அதில் காட்டினார். காய்ச்சலோடு களை எடுக்கப் போனவருக்கு இதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்க.

இப்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தண்டுவடத்தில் இருக்கும் இயக்க நரம்பு செல்களை போலியோ வைரஸ் கொல்கிறது. ஒவ்வொரு செல்லும் நூற்றுக்கணக்கான தசை நார்களுக்கு உத்தரவு போடுகிற மேனேஜர் மாதிரி. செல் செத்தால் அதன் நார்கள் அநாதையாகிவிடும். அப்புறம்தான் அதிசயம். பிழைத்த பக்கத்து செல்கள் புதுக் கிளை விட்டு அந்த அநாதை நார்களைத் தத்தெடுக்கும். ஒரே செல் தன் பழைய அளவைப் போலப் பல மடங்கு, ஐந்து முதல் எட்டு மடங்கு வரைகூட நார்களைச் சுமக்கும். குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நிற்கும், "தேறிட்டான்" என்போம். ஐ.டி. கம்பெனியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்துப் பேர் டீமில் ஆறு பேர் போய்விட்டார்கள், அவர்கள் வேலையெல்லாம் மிச்ச நாலு பேர் தலையில். டெலிவரி நிற்கவில்லை, வெளியிலிருந்து பார்க்கும் கிளையண்டுக்கு எதுவும் தெரியவில்லை. அந்த நாலு பேர் நாற்பது வருஷம் அப்படி ஓடினால்?

இன்னொன்று முக்கியம். செல்களில் பாதி வரை அழிந்தாலும் சாதாரணச் சோதனையில் தசை பலமாகவே தெரியும். ஆகவே "நல்ல கால்" என்று நாம் சொல்கிற காலிலும் வைரஸ் கைவைத்திருக்கலாம். அது முழு நல்ல கால் இல்லை, மறைத்துக்கொண்டு ஓடிய கால். அதன் மேல்தான் முப்பது வருஷத் தையல் மிஷின், பஸ் படிக்கட்டு, குடும்பம் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கு.

இந்தப் பின்விளைவை மருத்துவம் முதன்முதலாகப் பார்த்தது 1875-இல், பாரிஸில். ரேமோன் என்ற மருத்துவர் 19 வயது இளைஞன் ஒருவனைப் பற்றி எழுதினார். தோல் பதனிடும் தொழிலாளி. சின்ன வயதில் வாதம் வந்து தேறியவன். அடித்துப் பிழிகிற வேலையில் உழைத்த பிறகு, அவனுக்குக் கையில் புதிதாகப் பலவீனமும் தசைச் சூம்பலும் வந்திருந்தன. நரம்பியலின் தந்தை என்று சொல்லப்படும் ஷார்கோ இதற்குக் கருத்து சொன்னார்: பழைய நோய் தண்டுவடத்தை வலுவிழந்ததாக விட்டுச் சென்றிருக்கலாம், அந்த உறுப்பை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியது மிச்சத்தைச் செய்திருக்கலாம். தோல் பட்டறையும் தையல் மிஷினும் வேற வேற ஊர், வேற வேற நூற்றாண்டு. கணக்கு ஒன்றுதான். ஷார்கோ அன்றைக்கே கிட்டத்தட்டச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நூறு வருஷம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து அமெரிக்கா. 1910-களில் அங்கே போலியோ அலை அலையாக வந்தது. பாஸ்டனில் ராபர்ட் லவெட் என்ற எலும்பியல் மருத்துவரும் அவருடைய உதவியாளர் வில்ஹெல்மின் ரைட்டும் ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள். 1912-இல் ரைட் அதை வெளியிட்டார். கையால் தசையைச் சோதிப்பது: அசையவே இல்லையா, லேசாகத் துடிக்கிறதா, புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்குகிறதா, டாக்டர் கையால் அழுத்தினால் தாங்குகிறதா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் இதே எண்ணத்தை 0 முதல் 5 வரையிலான கிரேடாகப் போட்டது. இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான். இந்த கிரேடை நினைவில் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் பெரம்பலூருக்கு இதுதான் வரப்போகிறது.

லவெட் இன்னொன்றும் சொன்னார்: அதிகப்படியான பயிற்சி பலவீனமான தசையை இன்னும் கெடுக்கும். 1921-இல் போலியோ வந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பார்த்த மருத்துவரும் இவரேதான். ரூஸ்வெல்ட் பிறகு ஜார்ஜியாவில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்று இடத்தை 1926-இல் வாங்கி, போலியோ மறுவாழ்வு மையமாக்கினார். தண்ணீரில் உடம்பின் எடை குறையும், தசைக்குப் பாரம் குறையும். பயிற்சியும் வேணும், பாரமும் கூடாது என்பதற்கு அது ஒரு நல்ல விடை.

ஆனால் பொதுவான நடைமுறை கட்டிப்போடுவதுதான். காலை மரப்பலகையிலும் மாவுக்கட்டிலும் மாசக்கணக்கில் வைப்பார்கள். இதை உடைத்தவர் டாக்டரே இல்லை, ஆஸ்திரேலியக் கிராமப்புற நர்ஸ் எலிசபெத் கென்னி. கட்டை அவிழ்த்து எறி, சூடான ஈரக் கம்பளியால் ஒத்தடம் கொடு, அசைத்துப் பழக்கு என்றார். அவர் 1940-இல் அமெரிக்கா போனபோது ஆரம்பத்தில் மதிக்காத மருத்துவ உலகம், இரண்டு வருஷத்தில் அவர் பெயரில் மினியாபோலிஸில் நிறுவனம் திறக்கிற அளவுக்கு மாறியது. கென்னி தன் சிகிச்சைக்குச் சொன்ன விளக்கங்கள் பல தப்பு. செய்தது பெரும்பாலும் சரி. சயின்ஸில் இப்படியும் நடக்கும்.

1945-இல் தாமஸ் டிலார்ம் என்ற ராணுவ டாக்டர் வந்தார். போரில் அடிபட்ட வீரர்களுக்கு எடையைப் படிப்படியாகக் கூட்டித் தூக்க வைத்தார். இன்றைக்கு ஜிம்மில் நாம் செய்கிற "பத்து பத்தா மூணு செட்" என்பதன் பூர்வீகம் அங்கேதான். 1948-இல் அதே முறையை போலியோ நோயாளிகளின் தொடைத் தசைக்கும் போட்டு, பலம் கூடுகிறது என்று காட்டினார். அப்போதிலிருந்து கோஷம் மாறியது: உழை, வியர்வை சிந்து, ஜெயி. அந்தத் தலைமுறை போலியோக் குழந்தைகள் எல்லாருமே "வலித்தாலும் விடாதே" என்று வளர்ந்தவர்கள்.

பத்து வருஷம் கழித்து, 1958-இல், வார்ம் ஸ்பிரிங்ஸைச் சேர்ந்த ராபர்ட் பென்னட் தன் சகாவோடு சேர்ந்து மறுபக்கத்தை எழுதினார். நரம்பு பாதி அறுந்த தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால், அது பலம் பெறாமல் பலம் இழக்கிறது. அவர் வைத்த பெயர் "மிகையுழைப்புப் பலவீனம்" என்கிற மாதிரி அர்த்தம் வரும். ஆனால் தடுப்பூசி 1955-இலேயே வந்துவிட்டது. மேலை நாட்டில் போலியோ வார்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. நோய் போனதும் நோயைப் பற்றிய படிப்பும் மூட்டை கட்டப்பட்டது.

1980-களின் தொடக்கத்தில்தான் அந்த மூட்டையைத் திரும்ப அவிழ்க்க வேண்டி வந்தது. 1940, 50-களில் போலியோ வந்து தேறி, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தியவர்கள் மருத்துவமனைக்குத் திரும்ப வர ஆரம்பித்தார்கள். புதுப் பலவீனம், மூட்டு வலி, குளிர் தாங்காமை, எல்லாத்துக்கும் மேல அசதி. பலரிடம் "மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 1984-இல் அதே வார்ம் ஸ்பிரிங்ஸில் கூடிய ஆய்வரங்குக்குப் பிறகு இது ஒரு தனி நிலையாக ஏற்கப்பட்டது. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம். ஐந்தாறு மடங்கு சுமந்த செல்கள், பல பத்து வருஷம் கழித்து, தத்தெடுத்த கிளைகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம்.

வருஷக் கணக்கைப் போட்டுப் பாருங்க. அமெரிக்காவில் அலை 1950-களில், பின்விளைவு 1980-களில். நம்ம ஊரில் அலை 1970, 80-களில். அப்போ பின்விளைவு எப்போ? இப்போதான். இந்தியாவின் கடைசி இயற்கை போலியோ 2011 ஜனவரியில், 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ். நாம் கைதட்டி ஃபைலை மூடிய அதே வருஷங்களில்தான் அரியலூரிலும் பெரம்பலூரிலும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்குக் கால் ஓய ஆரம்பித்திருக்கிறது.

சரி, களைப்பை அளக்க முடியுமா? முடியும். சாதாரணமாக நடக்கிற பெரியவர் நிமிஷத்துக்கு சுமார் 80 மீட்டர் போவார். ஒரு மீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.15 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் செலவாகும். கலிஃபோர்னியாவில் ராஞ்சோ லோஸ் அமிகோஸ் என்ற மறுவாழ்வு மருத்துவமனையில், ஜாக்குலின் பெர்ரி, ராபர்ட் வாட்டர்ஸ் போன்றவர்கள் பல நோயாளிகளை வைத்து இதை அளந்தார்கள். பெர்ரியைப் பற்றி ஒரு வரி: பிசியோதெரபிஸ்டாக ராணுவத்தில் தொடங்கி, பிறகு அறுவை சிகிச்சை நிபுணராகி, மனித நடையைப் படிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர்.

அங்கே கிடைத்த விஷயம்தான் இந்த எபிசோடில் எனக்கு ரொம்பப் பிடித்தது. பக்கவாதத்துக்குப் பிறகு நடக்கிறவர் ஒருவரை நிமிஷக் கணக்கில் அளந்தால், அவர் ஆக்ஸிஜன் செலவு ஏறக்குறைய நார்மலாகவே வரும். ஏனென்றால் உடம்பு புத்திசாலி. மூச்சு வாங்காத அளவுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மீட்டர் கணக்கில் அளந்தால்தான் உண்மை தெரியும். ஒரு மீட்டருக்கான செலவு இரண்டு மடங்கு வரை போகிறது. "மெதுவாத்தானே நடக்கிறார், என்ன கஷ்டம்?" என்று வெளியாட்கள் கேட்கிறோமே, அந்த மெதுவில்தான் கஷ்டம் ஒளிந்திருக்கிறது.

போலியோவில் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் அடிக்கடி பார்க்கிற நடை ஒன்று உண்டு. ஒவ்வொரு அடிக்கும் குனிந்து, கையால் தொடையை அழுத்தி நடப்பார்கள். முழங்காலை நீட்டிப் பிடிக்கிற தொடைத் தசை செத்திருக்கும். கை அந்தத் தசையின் வேலையைச் செய்கிறது. காலிப்பர் போட்டால் கை விடுதலையாகும், ஆனால் மடங்காத முழங்காலோடு நடப்பதற்கும் தனிச் செலவு உண்டு. அக்குள் கட்டையில் தொங்கிப் போகிறவருக்கு இன்னும் அதிகம். கையால் சுற்றும் மூணு சக்கர வண்டி தரையைப் பொறுத்தது. தார் ரோட்டில் பரவாயில்லை, அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகள் பிளந்துபோட்ட ரோட்டில் தோள்பட்டைதான் விலை கொடுக்கும். அதே வேலையைக் காலை விடக் கையால் செய்தால் இதயத் துடிப்பு அதிகமாக ஏறும். இந்தப் பார்வையில், அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட ஸ்கூட்டர் ஒரு சக்தி சேமிப்புக் கருவி. அதில் போகிறவரைப் பார்த்து "சோம்பேறி ஆயிடுவான்" என்று சொல்கிறவர்களுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க.

ஆக்ஸிஜன் மெஷின் எல்லாம் வேண்டாம், எளிய வழியும் இருக்கு. 1980 வாக்கில் பிரிட்டனில் மேக்கிரகர் என்பவர் ஒரு சூத்திரம் போட்டார். நடக்கும்போது உள்ள நாடித்துடிப்பிலிருந்து ஓய்வில் உள்ள துடிப்பைக் கழித்து, நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் நடந்தார் என்பதால் வகுக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு எத்தனை துடிப்பு செலவு என்று வரும். ஓய்வில் 76, நடக்கையில் 100, வேகம் 80 என்றால் 0.3. அதே 100 துடிப்புக்கு வேகம் 30 தான் என்றால் 0.8. ஒரு டேப், ஒரு வாட்ச் போதும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் நடைமேடையிலேயே அளந்துவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லணும். "அப்போ நரம்பு நோய் என்றால் அசையக் கூடாது" என்று யாரும் முடிவு கட்டிவிடாதீங்க. அந்தத் தப்பையும் மருத்துவம் ஏற்கெனவே செய்து முடித்திருக்கு. பக்கவாதத்தில், லண்டனின் பெர்த்தா போபாத்தின் முறை பல பத்து வருஷம் கோலோச்சியது. பலம் கூட்டும் பயிற்சி இறுக்கத்தை அதிகமாக்கும் என்ற பயம் அதன் வழியே பரவியது. அந்தப் பயம் பிறகு பெரும்பாலும் ஆதாரம் இல்லாதது என்று தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸில், 1890-இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஊத்தாஃப், உழைத்ததும் நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைக் கண்டார். காரணம் உழைப்பு இல்லை, உடம்பு சூடாவது என்று பின்னாளில் புரிந்தது. அதற்குள் "உடற்பயிற்சியே வேண்டாம்" என்று நூறு வருஷம் ஓடிவிட்டது. 1996-இல் அமெரிக்காவின் யூட்டாவில் 15 வாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளுக்குத் தாங்குதிறன் கூடியது. சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டுக்கு வேண்டாம், விடிகாலையில் செய்யுங்க என்பதுதான் அங்கே சரியான அறிவுரை.

போலியோவில் இன்றைய நிலை என்ன? 2003-இல் கனடாவில் கட்டைவிரல் தசையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மிதமான பயிற்சி பலத்தைக் கூட்டியது, மிச்சமிருந்த நரம்பு செல்களுக்கு எந்தச் சேதமும் வரவில்லை. ஆக, அளவான பயிற்சி கெடுதல் இல்லை. ஆனால் பிற்பாடு நெதர்லாந்தில் கடுமையான களைப்பு உள்ளவர்களிடம் பயிற்சியையும், மனநிலை சார்ந்த சிகிச்சையையும் தனித்தனியாகச் சோதித்தபோது, இரண்டுமே வழக்கமான கவனிப்பை விடக் களைப்பைக் குறைக்கவில்லை. பயிற்சி தசைக்கு நல்லது செய்யலாம். களைப்பு என்பது வேறொரு விஷயம், அதற்கு வாழ்க்கையின் கணக்கையே மாற்ற வேண்டியிருக்கிறது.

ஆகவே நம் தையல்காரருக்கு: நடங்க, ஆனால் துண்டு துண்டாக. ஓய்ந்த பிறகு நிறுத்துவது இல்லை, ஓய்வதற்கு முன்னாலேயே நிறுத்துவது. இன்றைக்குச் செய்ததன் வலியும் அசதியும் நாளைக்கும் இருந்தால் இன்றைக்குச் செய்தது அதிகம். ஏற்கெனவே ரொம்பப் பலவீனமான தசையைப் பயிற்சி என்ற பெயரில் வதைக்க வேண்டாம். மோட்டார் போட்டது நல்ல முடிவு. அதோடு ஒரு டாக்டரிடம் போய் ரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை இதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்க. எல்லா அசதியையும் போலியோ கணக்கில் எழுதிவிடக் கூடாது. "ஒன்றரை வயதில் போலியோ வந்தது" என்பதை நீங்களே வாய் திறந்து சொல்லுங்க. இளம் டாக்டர்கள் பலர் போலியோவைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர்கள்.

இந்த இடத்தில் மேரி வர்கீஸைச் சொல்லாமல் போக முடியாது. வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டினார். அதன் மறுவாழ்வு நிலையம் 1966-இல் வந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. நின்றுகொண்டே செய்வதுதான் அறுவை சிகிச்சை என்ற விதியை மாற்றி, தன் சக்தியை எங்கே செலவழிப்பது என்று தானே முடிவுசெய்தவர் அவர்.

இப்போ அந்த கிரேடுக்கு வருவோம். மாவட்ட முகாமில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கப் போகிறவரின் காலை டாக்டர் கையால் அழுத்திப் பார்ப்பார். பாஸ்டனில் 1912-இல் பிறந்த அதே சோதனை. 2001-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டியில் ஒரு அட்டவணை உண்டு: கிரேடு 0 என்றால் 100 சதவீத இழப்பு, 1 என்றால் 80, 2 என்றால் 60, 3 என்றால் 40, 4 என்றால் 20. அழகான நேர்கோடு. பிரச்சினை என்னவென்றால் தசை நேர்கோட்டில் இல்லை. 1961-இல் பீஸ்லி என்ற ஆய்வாளர் போலியோ வந்தவர்களின் முழங்கால் நீட்டும் பலத்தைக் கருவி வைத்து அளந்தார். கிரேடு 3 என்று கையால் மதிப்பிட்ட காலில் இருந்தது, சாதாரண பலத்தில் சுமார் 9 சதவீதம். கிரேடு 4-இல்கூடப் பாதிக்குக் கீழேதான். அதாவது காகிதத்தில் 40 சதவீத இழப்பு என்று எழுதப்படும் காலில், உண்மையில் பத்தில் ஒரு பங்கு பலம்கூட மிச்சமில்லை. சலுகைகளுக்கான வாசலும் அதே 40 சதவீதத்தில்தான் நிற்கிறது. கணக்கில் மற்ற அம்சங்களும் சேரும் என்பது உண்மை, ஆனால் அடித்தளம் இதுதான்.

2016-இல் புதிய சட்டம் வந்தது. ஏழு வகையாக இருந்த பட்டியல் இருபத்தொன்றாக விரிந்து, பார்க்கின்சனும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸும் உள்ளே வந்தன. காலைக் கையால் சோதிப்பது மட்டும் தொடர்கிறது. நடந்து காட்டுவது, படி ஏறுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குந்துவது, சம்மணம் போடுவது என்று ஒரு பட்டியலும் உண்டு. நம்ம ஊர் வாழ்க்கை தெரிந்தவர்கள் போட்ட பட்டியல், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எல்லாமே ஒரு தடவை. காலை பத்து மணிக்கு, வீட்டில் ஓய்வெடுத்து வந்தவர், ஒரு தடவை படி ஏறிக் காட்டிவிடுவார். இருபதாவது தடவை என்ன ஆகும் என்று கேட்கும் கட்டம் அந்தத் தாளில் இல்லை. எங்கள் தொழிலில், யூனிட் டெஸ்ட் மட்டும் ஓட்டி, லோட் டெஸ்ட் ஓட்டாமல் யாரும் ரிலீஸ் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும்.

ஒரு இடத்தில் மட்டும் அரசாங்கம், லேப் இல்லாமல், ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல், இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு நாலு மணி நேர வேலைக்கு முழு நாள் கூலி என்று தமிழ்நாடு அரசு 2012-இல் ஆணை போட்டது. அவர்களால் முடிகிற வேலைகளைத் தனியாகப் பட்டியலும் இட்டது. ஒரு மீட்டர் நடக்க இரண்டு மடங்கு செலவு என்றால், பாதி நேரம் என்பது சலுகை இல்லை, சரியான வகுத்தல். அதை அமல்படுத்தக் கோரி மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் பல மாவட்டங்களில் பலமுறை போராட வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. முன்பு திருச்சிக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருந்தவர்களுக்கு அந்தப் பயணத்தின் களைப்பாவது மிச்சம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ 1995-க்கு முன்னால் போலியோ வந்தவர் இருந்தால், "முன்னைக்கு இப்போ எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சம்மதத்தோடு எங்களுக்கு அனுப்புங்க. காலையில் எவ்வளவு தூரம், சாயங்காலம் எவ்வளவு தூரம் என்ற இரண்டு எண்கள் மட்டும் போதும். அடுத்த வாரம், 1956 மருதையாறு ரயில் விபத்து.